வைல்

பெண்கள் வராந்தா, கடலோர சானடோரியம்
14 செப்டம்பர் 1936

அன்புள்ள தம்பி அமோஸ்,

உடம்பு எப்படி என்று நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் சாயங்காலம் மட்டும், இருமல் காலையில் மட்டும், நடுவில் மகாராணி மாதிரி இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரி வின்னியும் சுகமா? உன் முதுகுவலி விட்டதா? நாய் ஒழுங்காகச் சாப்பிடுகிறதா, இல்லை என்னைத் தேடிக்கொண்டு வாசலிலேயே கிடக்கிறதா?

இங்கே கூரை உண்டு, சுவர் கிடையாது. இருபது கட்டிலை வரிசையாகப் போட்டு எங்களைக் கடல்காற்றில் காயப் போட்டிருக்கிறார்கள். சாரல் அடித்தால் போர்வைமேல் ஒரு ரப்பர் விரிப்பு. “இருபத்தஞ்சு வருசம் மலையில ஆடு மேச்சவளுக்குக் குளிர்காத்து ஒரு வைத்தியமா?” என்று தலைமை நர்ஸிடம் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. லண்டனிலிருந்து புதிதாக வந்தவள்.

பக்கத்துக் கட்டில் மிஸ் பென்ஃபோல்டு. அவளும் தெற்கத்திக்காரிதான், பள்ளிக்கூட டீச்சர், நல்லவள். ஓயாமல் நம் ஆடுகளைப் பற்றியே அவளிடம் பேசுகிறேன் போலிருக்கிறது. “ஆடுதானே, போனா வேற வாங்கிக்கலாமே?” என்றாள். எனக்கு வந்த கோபத்தில் தெர்மாமீட்டர் ஒரு கோடு ஏறியிருக்கும். எங்கள் மலையில் வேலி கிடையாது அம்மா, தன் எல்லை எது என்று தாய் குட்டிக்குக் காட்டும், அந்தக் குட்டி வளர்ந்து தன் குட்டிக்குக் காட்டும், அப்படியே இருநூறு வருஷமாக நிற்கிற மந்தை, வெளியாட்டை வாங்கி விட்டால் மூன்றாம் நாள் அடுத்த ஜில்லாவில் நிற்கும், இது ஒரு தரம் போனால் போனதுதான் என்றேன். அவள் பாலை எடுத்துக் குடித்தாள்.

உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்வேன், நான் உன் அக்கா. கிளம்புகிறதுக்கு முந்தின நாள் சமையலறை மேசையில் நீ உன் அழகான கையெழுத்தில் எழுதினாயே, நாம் இருவரும் கையெழுத்துப் போட்டு, பக்கத்துப் பண்ணைக் கீர்ட்டன் மாமா சாட்சிக் கையெழுத்துப் போட்டாரே, அந்தத் தாள் பத்திரம். ‘கெசியா வீட்டில் வைல் ஆடுகளை விற்கக் கூடாது.’ அப்பா மந்தையை நம் இருவருக்கும் பொதுவாக எழுதிவைத்ததால் வந்த வினை இந்தத் தாள். ‘வீட்டில் வைல்’ என்றால், நான் குணமாகி வாசலில் வந்து நிற்கும் வரைக்கும் ஒரு பெட்டைகூட மலையை விட்டு இறங்கக் கூடாது. வந்த பிறகு எதுவானாலும் பேசிக்கொள்ளலாம். வின்னிக்கு டார்லிங்டன் டவுனுக்குக் குடிபோக ஆசை என்று எனக்கும் தெரியும், நான் ஒன்றும் குருடி இல்லை.

வின்னிக்கு என் அன்பு. பதில் போடு.

உன் அக்கா
கெசியா


மலைப்பண்ணை
27 செப்டம்பர் 1936

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் கடவுள் கிருபையால் நலம். நீ தேறிவருகிறாய் என்று படித்து வின்னிக்கு ரொம்ப சந்தோஷம். முதுகு பரவாயில்லை. நாய் சாப்பிடுகிறது.

இங்கே பதினோரு நாளாக மழை. கல்சுவர் இரண்டு இடத்தில் சரிந்துவிட்டது, நான் ஒருவனே எடுத்துக் கட்டினேன். வின்னியின் அண்ணன் டார்லிங்டனில் பஸ் ஷெட் ஆரம்பித்திருக்கிறான். நனையாமல் வேலை செய்கிற மனுஷர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆடுகள் நன்றாக இருக்கின்றன. நீ எழுந்து நடக்கும் வைல் எதைப் பற்றியும் கவலைப்படாதே. டாக்டர் சொன்னபடி கேள். நர்ஸிடம் வாய் கொடுக்காதே.

உன் தம்பி
அமோஸ்


சானடோரியம்
5 அக்டோபர் 1936

அன்புள்ள தம்பி,

சுகம்தான். ஒரு பவுண்டு எடை ஏறியிருக்கிறேன். நீங்கள் இருவரும் நனையாமல் இருக்கிறீர்களா? ஈரச் சாக்ஸோடு திரியாதே, உனக்கும் என் நுரையீரல்தான் வாய்த்திருக்கும்.

நேற்று இங்கே நடந்த கூத்தைக் கேள். தலைமை நர்ஸ் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினாள். ‘டாக்டர் வார்டில் வைல் நோயாளிகள் பேசக் கூடாது.’ மிஸ் பென்ஃபோல்டையும் இன்னும் இரண்டு பேரையும் விட்டால் மிச்சப் பதினேழு பேரும் நம் யார்க்‌ஷயர் பெண்கள். டாக்டர் வரும் வரைக்கும் பேசக் கூடாதாக்கும் என்று காலை ஆறு மணியிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தோம். ஜாடையிலேயே உப்புக் கேட்டு வாங்கினோம். பத்தரை மணிக்கு டாக்டர் உள்ளே காலை வைத்தாரோ இல்லையோ, பதினேழு வாயும் ஒன்றாகத் திறந்தது. அப்பப்பா, அந்தச் சத்தம்! மனுஷர் காதில் வைத்திருந்த குழாயைக் கழற்றிவிட்டார்.

நர்ஸ் ஓடிவந்தாள். “என்ன இது, சந்தையா? நோட்டீஸ் கண்ணுக்குத் தெரியலையா?”

எதிர்க்கட்டில் பெஸ்ஸி சொன்னாள்: “தெரிஞ்சுதே சிஸ்டர்! அதனாலதான் இவ்வளவு நேரம் பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கெடந்தோம். இப்பத்தான் டாக்டர் வந்துட்டாரே, பேசக் கூடாதா?”

“வந்துட்டாருன்னாதான் பேசக் கூடாது!”

“அப்ப நோட்டீஸை மாத்தி எழுதுங்க!”

நர்ஸ் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. மிஸ் பென்ஃபோல்டு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு விளக்கினாள். ‘வைல்’ (while) என்றால் ‘வரைக்கும்’ என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோமாம். தெற்கிலும் புத்தகத்திலும் அதற்கு அர்த்தம் ‘அந்த நேரம் முழுக்க’. ‘டாக்டர் வார்டில் வைல்’ என்றால் டாக்டர் வார்டில் இருக்கும்போது. நம்மூரில் ‘ஒன்பது வைல் ஐந்து கடை திறந்திருக்கும்’ என்றால் ஒன்பதிலிருந்து ஐந்து வரைக்கும். இதை லண்டன்காரனிடம் சொன்னால் முழிப்பானாம். இத்தனை வருஷம் நாம் பேசியது ஊருக்கு வெளியே செல்லாக்காசு, தெரியுமா உனக்கு?

அவளிடம் தடி அகராதி ஒன்று இருக்கிறது. எடுத்துப் பார்த்தோம். ஆதியில் அந்தச் சொல்லுக்கு ‘கொஞ்ச நேரம்’ என்று மட்டும்தான் அர்த்தமாம். அதற்கும் முன்னால் போனால் ‘ஓய்வு’. கடல் தாண்டி வந்து நம் பள்ளத்தாக்கில் குடியேறினார்களே வடக்கத்தியர், அவர்கள் பாஷையில் அதன் உறவுச் சொல்லுக்கு ‘படுக்கை’ என்றே அர்த்தமாம்! அப்படியானால் இங்கே கிடக்கிற இருபது பேரும் அசல் வைல்தான் என்றாள் பெஸ்ஸி.

இன்னும் கேள். நம் தாளில் எழுதியதை மிஸ் பென்ஃபோல்டிடம் சொன்னேன். அவள் பாஷையில் அது நேர்தலைகீழாம். ‘கெசியா வீட்டில் இருக்கும்போது ஆடுகளை விற்கக் கூடாது.’ நான் வீட்டில் இல்லையா, தாராளமாக விற்கலாம்! சிரித்ததில் இருமல் வந்து, நர்ஸ் வந்து, எனக்கு ஒரு மணி நேரம் பேச்சுத் தடை. நீயும் வின்னிக்குச் சொல்லிச் சிரி.

உன் அக்கா
கெசியா


மலைப்பண்ணை
15 நவம்பர் 1936

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறோம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை தலைக்குமேல். வின்னி உனக்குக் கொஞ்சம் இஞ்சிக் கேக் செய்து அனுப்பியிருக்கிறாள். அடி கொஞ்சம் கருகிவிட்டது.

ஒன்பதாம் தேதி கிடாய்களை மந்தையில் சேர்த்தேன். பெட்டைகள் நல்ல சதைப்பிடிப்பாக இருக்கின்றன. கீர்ட்டன் மாமாவுக்கு மூட்டுவலி, எழுதச் சொல்லி அவரைத் தொந்தரவு செய்யாதே.

நன்றாக ஓய்வெடு.

உன் தம்பி
அமோஸ்


சானடோரியம்
24 ஜனவரி 1937

அன்புள்ள அமோஸ்,

இரண்டு மாதமாக என்னிடமிருந்து கடிதம் இல்லையே என்று பயந்திருப்பாய். டிசம்பர் ஆறாம் தேதி ரத்தம் கக்கினேன். ஆறு வாரம் மல்லாக்கப் படுத்தே கிடந்தேன், பேனாவைத் தொடவிடவில்லை. இப்போது நின்றுவிட்டது. இன்று நானே என் தலையைச் சீவிக்கொண்டேன்.

படுத்துக்கிடந்தபோது வேறு வேலை என்ன, மனத்தாலேயே மலையேறினேன். ஓடையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பெட்டையாகப் பார்த்துக்கொண்டே போவேன். வளைகொம்பி, ஒற்றைக்காதி, போன வருஷம் பனியில் புதைந்து நான் தோண்டி எடுத்தேனே அந்தச் சண்டைக்காரி. உச்சிக்குப் போவதற்குள் தூங்கிவிடுவேன். மருந்தைவிட இதுதான் கேட்டது என்று டாக்டரிடமே சொன்னேன்.

உன்மேல் எனக்கு ஒரு சின்ன வருத்தம். அந்த நோட்டீஸ் கூத்துக்கு ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லையே? வயிறு குலுங்கச் சிரிப்பாய் என்று நினைத்தேன். வின்னி சௌக்கியமா? எல்லாவற்றையும் எழுது, பெட்டை பெட்டையாக எழுது.

உன் அக்கா
கெசியா


மலைப்பண்ணை
21 மார்ச் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பை நினைத்து நாங்கள் பட்ட கவலை கொஞ்சமில்லை. இப்போது தேறிவிட்டாய் என்பதில் நிம்மதி. நாங்கள் நலம்.

நீ கேட்டபடி எழுதுகிறேன். போன வாரத்திலிருந்து ஆடுகள் ஈனத் தொடங்கிவிட்டன. இதுவரை இருபத்திரண்டு குட்டி. வளைகொம்பிக்கு இரட்டை. ஒற்றைக்காதிக்கு ஒன்று, நல்ல பெருங்குட்டி. தாயில்லாத குட்டி ஒன்றை வின்னி அடுப்பங்கரையில் வைத்துப் பால் புகட்டுகிறாள். நீ பார்த்தால் சிரிப்பாய்.

எல்லாம் நன்றாக நடக்கிறது.

உன் தம்பி
அமோஸ்


சானடோரியம்
24 மார்ச் 1937

மதிப்புக்குரிய கீர்ட்டன் மாமாவுக்கு,

கெசியாவின் வணக்கம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தை சுகமா? நான் ஒருவாறு தேறி, தினம் தோட்டத்தில் இரண்டு சுற்று நடக்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மறைக்காமல் சொல்லுங்கள். நவம்பர் ஒன்பதாம் தேதி கிடாய் சேர்த்ததாகத் தம்பி எழுதினான். அதிலிருந்து சினைக்காலம் நூற்று நாற்பத்தேழு நாள் எண்ணினால் ஏப்ரல் ஐந்து. மார்ச் பாதியிலேயே இருபத்திரண்டு குட்டி விழுந்துவிட்டதாக இப்போது எழுதியிருக்கிறான். ஒரு குட்டி முந்தலாம் மாமா. இருபத்திரண்டு குட்டி மூன்று வாரம் முந்தி, எழுந்து நின்று பால் குடிக்குமா? தேதியை மறந்து எழுதினானா என்று பார்த்தேன். நம் பள்ளத்தாக்கில் பிறந்தவன் எவனும் இந்தத் தேதியை மறக்க மாட்டான், மந்தை கண்ணெதிரே நின்றால்.

உங்கள் சுவரிலிருந்து பார்த்தால் எங்கள் மேய்ச்சல் தெரியும். அங்கே என்ன தெரிகிறது?

மரியாதையுடன்
கெசியா


கீர்ட்டன் வீடு
31 மார்ச் 1937

அன்பான கெசியாவுக்கு,

மூட்டு கெடக்கட்டும். எனக்கு எழுத வராது, பேசுற மாதிரியே எழுதுறேன், திட்டாதே.

அங்கே ஒண்ணும் தெரியலைம்மா. புல்லுதான் தெரியுது.

அக்டோபர் முப்பதாம் தேதி வித்துட்டான். லிங்கன்ஷயர் பக்கத்து வியாபாரி ஒருத்தன் ரெண்டு லாரி கொண்டாந்தான். நாங்க அத்தனை பேரும் பாத்துக்கிட்டு நின்னோம். வாங்குற ஆளு மொதல்ல தயங்கினான், பொதுச் சொத்தாச்சே, அக்கா கையெழுத்து வேணுமேன்னு. ஒந்தம்பி டவுன் வக்கீல்கிட்ட அந்தத் தாளைக் காட்டி எழுதி வாங்கிட்டு வந்திருந்தான், அக்கா வீட்டுல இல்லாதப்ப விக்கலாம்னு அவளே ஒத்துக்கிட்டான்னு. நான் சாட்சியாச்சே, சும்மா இருப்பேனா? வக்கீல் ஆபீசுக்கே போனேன். “ஐயா, வைல்னா எங்க ஊர்ல வரைக்கும், அந்தப் பொண்ணு திரும்பி வர்ற வரைக்கும்னு அர்த்தம்”னேன். அந்தாளு மூக்குக்கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு, “பெரியவரே, ஒங்க ஊரு அர்த்தமெல்லாம் ஒங்க ஊருக்குள்ள வச்சுக்கங்க, சட்டம் இங்கிலீஷ்ல இருக்கு”ங்கறான். நான் அமோஸப் பாத்து, “ஏலே, நீ சொல்லுடா! ஒங்கம்மா ஒன்னய நான் வர்ற வைல் அசையாதேன்னு உக்கார வச்சுட்டுப் போவாளே, அப்ப என்ன அர்த்தம்டா?”ன்னேன். அவன் தொப்பிய உருட்டிக்கிட்டுத் தரையப் பாத்தான். வாயத் தெறக்கலை.

மே மாசம் பண்ணையையும் காலி பண்ணிட்டு டார்லிங்டன் போறாங்க. நான் அப்பவே எழுதியிருக்கணும். நீ நெஞ்சு பலமில்லாமக் கெடக்கிறே, கேட்டா தாங்க மாட்டே, செத்துப்போயிடுவேன்னு அமோஸ்தான் என்னைத் தடுத்தான். நானும் நம்பிட்டேன். அது என் தப்பு.

எங்க மாடி ரூம் காலிதான். என் ஆட்டுக்கும் ஆள் வேணும். அத்தை அன்பைச் சொல்லச் சொன்னா.

மாமா
மாத்யூ கீர்ட்டன்


சானடோரியம்
4 ஏப்ரல் 1937

அமோஸ்,

நான் உயிரோடுதான் இருக்கிறேன்.

கீர்ட்டன் மாமா எழுதிவிட்டார்.  மிஸ் பென்ஃபோல்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவள் முகத்தைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கவில்லை. பாவம், அவள் என்ன செய்வாள்? அகராதியைத் திறந்தது அவள், கத்தியைத் தீட்டி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி உனக்கு அனுப்பியது நான். வயிறு குலுங்கச் சிரிப்பாய் என்று அனுப்பினேன்! நீ சிரிக்காமல் இருந்தது ஏன் என்று இப்போதல்லவா தெரிகிறது. இருபத்தைந்தே நாளில் லாரி வந்துவிட்டது.

நீ பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. உனக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தச் சொல்லையும் நான்தான் உன் வாயில் போட்டேன். முப்பத்து நான்கு வருஷம் ஒரே அர்த்தத்தில் பேசிவிட்டு, வக்கீல் எதிரில் நின்ற அரை மணி நேரம் மட்டும் லண்டன்காரன் ஆகிவிட்டாயா? அறியாமல் செய்தாய் என்றால் முட்டாள் என்று திட்டி விட்டுவிடுவேன். நீ எந்த அர்த்தத்தில் அந்தத் தாளை எழுதினாய் என்று உன் கைக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட அந்த இருபத்திரண்டு குட்டி. விற்றதோடு விட்டிருக்கலாமே. நான் ரத்தம் கக்கிவிட்டுக் கிடந்து, மனத்தாலே மலையேறுகிறேன் என்று எழுதினேன். காலி மலையில் என்னை ஏறவிட்டு நீ வேடிக்கை பார்த்தாய். வளைகொம்பிக்கு இரட்டை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

கெசியா


மலைப்பண்ணை
12 ஏப்ரல் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எவ்வளவு திட்டினாலும் தகும். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்பதுதான் என் வேண்டுதல்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அக்டோபர் இருபதாம் தேதி டாக்டர் எனக்கு எழுதினார். நீ வசந்தகாலம் பார்ப்பது சந்தேகம் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் தொழுவத்தில் உட்கார்ந்து அழுதேன். வின்னியைக் கேள். நீயே இல்லாமல் போகப் போகிறாய், இந்த மலையை நான் மட்டும் கட்டிக்கொண்டு யாருக்காக நனைய வேண்டும்? எனக்கு ஆடு பிடிக்காது அக்கா. சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அப்பாவுக்கும் உனக்கும் பயந்து சொன்னதில்லை.

தாளில் எழுதியிருந்ததை வக்கீல் படித்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவும் இல்லை. குட்டிகளைப் பற்றி எழுதியது நீ கடைசி நாட்களில் சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான்.

உன் கோபம் ஆறும் வைல் எனக்கு எழுத வேண்டாம். ஆறிய பிறகு டார்லிங்டன் விலாசத்துக்கு ஒரு வரி போடு. உனக்கு எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு அறை உண்டு.

உன் தம்பி
அமோஸ்


சானடோரியம்
1 ஜூன் 1937

அமோஸ்,

உன் கடிதத்தைப் படித்து ஒரு வாரம் அழுதேன். உனக்காகத்தான் அழுதேன். நான் சாகப்போகிறேன் என்று தெரிந்தும் ஆறு மாதம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பொய்க் குட்டியெல்லாம் ஈன வைத்து என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்திருக்கிறானே என் தம்பி, நானானால் கத்தி கித்தி என்று வாய்க்கு வந்ததை எழுதினேனே என்று அழுதேன். ‘ஆடு பிடிக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே உன்னை டார்லிங்டனுக்கு அனுப்பியிருப்பேனே, அசடே’ என்று ஒரு கடிதமும் எழுதி வைத்தேன். நான்கு பக்கம்.

மிஸ் பென்ஃபோல்டு விடவில்லை. ‘கோபம் ஆறும் வைல்’ என்று நீ எழுதிய வரியைக் காட்டி, இது ஒன்று போதும், கோர்ட்டுக்குப் போகலாம் என்றாள். கோர்ட் எனக்கு எதைத் திருப்பித் தரும்? ஆடுகள் லிங்கன்ஷயரில் வேலி போட்ட வயலில் நிற்கின்றன, நின்றது போக மிச்சம் கசாப்புக்கடையில். வேண்டாம், அவன் பாவம் என்றேன்.

நேற்று என்னை வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொன்னார். பிழைக்க மாட்டேன் என்று எழுதினீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் முழித்தார். “நானா? யாருக்கு எழுதினேன்?” என்றார். இந்த ஆபீஸில் அனுப்பும் கடிதம் ஒவ்வொன்றுக்கும் நகல் வைக்கிறார்கள், அமோஸ். எடுத்துப் பார்த்தோம். உனக்கு அக்டோபர் இருபதாம் தேதி ஒரு கடிதம் போயிருப்பது உண்மைதான். தேதியை மட்டும் சரியாக எழுதியிருக்கிறாய்.

நான்கு பக்கக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை வருகிறேன். கீர்ட்டன் மாமா வீட்டில் தங்கி அவர் ஆடுகளைப் பார்த்துக்கொள்வேன். உன் வீட்டில் அறையும் வேண்டாம், விலாசமும் வேண்டாம். டாக்டர் உனக்கு எழுதியதை நகலிலிருந்து கீழே எழுதியிருக்கிறேன். இதில் எந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்று முடிந்தால் எனக்குச் சொல்.

‘ஐயா, உங்கள் சகோதரி நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறிவருகிறார். கோடையில் வீடு திரும்பிவிடுவார். ஆடுகளைப் பற்றியே பேசுகிறார், மறுபடி மேய்க்க முடியுமா என்று தினமும் கேட்கிறார். முடியும் என்று சொல்லியிருக்கிறேன்.’

கெசியா ஹார்க்கர்